பேரை மறைச்சேன், ஊரை மறைக்கலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ரெண்டு கடிதம் பக்கத்துப் பக்கத்துல வந்திருந்துச்சு. ஒருத்தர் ஸ்கூல்ல ரீல்ஸ் எடுக்கற வாத்தியாருங்க எல்லாரையும் சஸ்பெண்ட் பண்ணணும்னு எழுதியிருந்தாரு, இன்னொரு அம்மா பிள்ளைங்களோட சேர்ந்து டீச்சர் ஒரு ஆட்டம் ஆடுனா என்ன தப்பு, எங்க காலத்துல பிரம்பால அடிச்சாங்களே அது தேவலாமான்னு கேட்டிருந்தாங்க. ரெண்டு பேரு சொன்னதும் நியாயமாத்தான் பட்டுச்சு, ஆனா ரெண்டு பேருமே ஆடற வாத்தியாரைப் பத்தி மட்டும்தான் பேசியிருக்காங்க. ஆடாம, ஸ்டாஃப் ரூம்ல அமைதியா உக்காந்து, செல்லுல ஒரே ஒரு போட்டோவைத் தட்டி விடற வாத்தியாரு பண்ற சேதாரம் இருக்கு பாருங்க, அது யாரு கண்ணுக்கும் தெரியறதில்லை. நான் பண்ணியிருக்கேன், அதனாலதான் எழுதறேன்.

நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியர், சர்வீஸ்ல இருபத்தாறு வருஷம் ஓடிருச்சு. வீடு சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம், வேலை ஏற்காடு மலை மேல. காலையில பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவு மேல, சாயங்காலம் அதே இருபது கீழ. எந்த ஸ்கூல்னு எழுத மாட்டேன், மேல படிச்சீங்கன்னா ஏன்னு தெரிஞ்சிரும்.

2022 டிசம்பர், அரையாண்டுப் பரீட்சை முடியற நாள். ஒன்பதாம் வகுப்பு தமிழ்ப் பேப்பர் கட்டு என் கையில. மலையில டிசம்பர்னா தெரியும்ல, மூணு மணிக்கே பனி எறங்கி ஜன்னலுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, டியூப் லைட்டைப் போட்டுக்கிட்டு ஃபிளாஸ்க்ல மிச்சம் இருந்த டீயைக் குடிச்சுக்கிட்டே திருத்திட்டு இருந்தேன். கடிதக் கேள்வி வழக்கமா வர்றதுதான், உங்கள் ஊருக்குப் பேருந்து வசதி செய்து தருமாறு மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுக. முப்பத்தி சொச்சம் பேப்பர்லயும் நான் நோட்ஸ்ல குடுத்த அதே கடிதம், எங்கள் ஊரில் சுமார் ஐந்நூறு குடும்பங்கள் வசிக்கின்றன, அது இதுன்னு. எங்க பிள்ளைங்க வர்ற ஊருங்கள்ல பாதிக்கு மேல ஐம்பது குடும்பம் கூட இருக்காது, அதை விடுங்க. ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. (அதுல இருந்ததை இங்க எழுதறதுக்கு அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், அந்தக் கதை பின்னாடி வருது.)

"கலெக்டர் அய்யா அவர்களுக்கு, எங்க ஊருக்கு பஸ் வேணும்னு எழுதச் சொல்லி கேள்வி வந்திருக்கு. ஆனா பஸ் வேணாம் அய்யா. இப்ப நடந்து போகணும்னு எங்கப்பா வாரத்துல ஒரு நாள்தான் கடைக்குப் போறாரு. பஸ் விட்டீங்கன்னா தினமும் போயிருவாரு. ரோடு மட்டும் போட்டுக் குடுங்க, எங்கம்மாவுக்கு முட்டி வலி."

அவ்வளவுதான் கடிதம். சிரிப்பு தாங்கலை எனக்கு. பக்கத்துல இருந்த கணக்கு சாருக்கு வாசிச்சுக் காட்டுனேன், அவரு டீ புரை ஏறிக்கிட்டே சார் இதைப் போடுங்க சார், வைரல் ஆகிரும்னாரு. அஞ்சுக்கு ரெண்டு மார்க் போட்டேன், கேள்விக்கு எதிரா விடை எழுதியிருக்கான்ல. இன்னைக்கு நினைச்சா அந்த ரெண்டு மார்க் தனியா உறுத்துது, இருபத்தாறு வருஷத்துல நான் திருத்துன கடிதங்கள்லயே நெசமா ஒரு கலெக்டருக்கு எழுதுன கடிதம் அது ஒண்ணுதான்.

போட்டோ எடுத்தேன். நான் ஒண்ணும் முட்டாள் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு செல்லுல இருக்கற கருப்பு மார்க்கரால மேல இருந்த பேரையும் தேர்வு எண்ணையும் நல்லா தீத்தி அழிச்சேன். கீழ இடது பக்கம் ஓரத்துல இடம்னு ஒரு வரி இருக்கும்ல கடிதத்துல, அங்க அவன் ஊர் பேரை எழுதியிருந்தான், முத்து முத்தா. பரீட்சைல சொந்தப் பேரு, ஊரு எதையும் எழுதக்கூடாது, பேருக்கு அஅஅ, ஊருக்கு ஆஆஆன்னு போடுங்கடான்னு வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்தறது நான்தான். அந்த வரி என் கண்ணுல படாம இல்லைங்க, பட்டுச்சு. அந்த ஊர் யாருக்குத் தெரியப் போவுதுன்னு விட்டேன். இதை எழுதறப்பவும் கை கூசுது.

"எங்க மலையோட வருங்கால கலெக்டர்"னு எழுதி, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிற பொம்மை மூணு வெச்சு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் டீச்சர்ஸ் குரூப் ஒண்ணுலயும் போட்டுட்டு அஞ்சு மணி பஸ்ஸைப் புடிச்சேன். வளைவு எறங்க ஆரம்பிச்சா டவர் போயிரும், நானும் சீட்டுல சாஞ்சு தூங்கிட்டேன். அடிவாரம் வந்து பஸ் நின்னப்ப சட்டைப் பாக்கெட்ல செல்லு நிறுத்தாம அதிருது. எடுத்துப் பாத்தா எழுபது எண்பது மெசேஜ். எல்லாம் சிரிப்பு. ஓமலூர்ல இருக்கற என் மச்சான் கூட சிரிச்சிருந்தாரு. உள்ளபடிக்குச் சொல்றேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையா இருந்துச்சு, என் எழுத்துக்கு ஒரு நாளும் இவ்வளவு பேரு சிரிச்சதில்லை, இது என் எழுத்தும் இல்லைங்கறது தோணவே இல்லை.

எங்க கோட்டை விட்டேன்னா இங்கதான், இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா நிறைய பேருக்கு இன்னும் தெரியலை. ஸ்டேட்டஸ்ங்கறது நம்ம ஃப்ரெண்ட்ஸ் பாக்கறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அது ஃப்ரெண்டு, ஒறவு எல்லாம் பாக்காது. நம்ம போன்ல அவங்க நம்பர் சேவ் ஆகி, அவங்க போன்லயும் நம்ம நம்பர் சேவ் ஆகியிருந்தா போதும், நாம செட்டிங்க்ஸ்ல போய் மாத்தாத வரைக்கும் எல்லாரும் பாக்கலாம். 2020 மார்ச்ல கொரோனாவுக்கு ஸ்கூலை மூடுனாங்க இல்லையா, அப்ப பாடம் அனுப்பறதுக்காக ஒவ்வொரு பிள்ளை வீட்டு நம்பரையும் வாங்கி நான்தான் வரிசையா சேவ் பண்ணி வெச்சேன், 8ஏ அப்பா, 9பி அம்மான்னு. அவங்களும் தமிழய்யான்னு என் நம்பரை வெச்சிருந்தாங்க. ஸ்கூல் திறந்து வருஷம் ஆயும் அந்த நம்பருங்க அப்படியே கெடந்துச்சு. ஆக நான் அந்தப் பேப்பரை ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டலை, பேரன்ட்ஸ் மீட்டிங்கைக் கூட்டி எல்லாரு முன்னாடியும் சத்தமா வாசிச்சிருக்கேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபத்தி நாலு மணி நேரத்துல ஸ்டேட்டஸ் தானா போயிரும்னு ஒரு நிம்மதி வேற. போச்சு, ஆனா அதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டாங்க, ஸ்டேட்டஸை யாரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் போட்டவனுக்குத் தெரியாது. குரூப்ல போட்டதை அழிக்கலாம்னு மூணாவது நாள் போனா, எல்லாருக்கும் அழிக்கறதுக்கு ரெண்டரை நாள்தான் டைமு, அது தாண்டிருச்சு. அழிச்சிருந்தாலும் என்ன, போனது போனதுதான். நாலாவது நாள் தாரமங்கலத்துல இருந்து சொந்தக்காரப் பையன் ஒருத்தன் எனக்கே அனுப்பறான், மாமா இதைப் பாருங்க செம காமெடின்னு. மேல ரெண்டு அம்புக்குறி, பல முறை ஃபார்வர்ட் செய்யப்பட்டதுன்னு. அந்த ரெண்டு அம்புக்குறி வரணும்னா அஞ்சு கை மாறியிருக்கணும். நான் எழுதுன வருங்கால கலெக்டர் போயி, யாரோ "குடிகார அப்பாவுக்கு செக் வைத்த சிறுவன்"னு பெரிய எழுத்துல போட்டிருந்தான். என் கருப்பு மார்க்கர் அப்படியே இருந்துச்சு. இடம்னு போட்ட வரியும் அப்படியேதான் இருந்துச்சு.

அந்த ஊரு யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்ல. சென்னைக்காரனுக்குத் தெரியாது, மதுரைக்காரனுக்குத் தெரியாது. ஏற்காட்டுல இருக்கறவனுக்குத் தெரியுமே. காப்பி எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டர் ஒருத்தருக்கு வந்திருக்கு, அவரு ஆளுங்களுக்குக் காட்டியிருக்காரு, அந்த ஊர்ல இருந்து ஒன்பதாவது படிக்கற பையன் மொத்தமே ஒருத்தன்தான். பேரை அழிச்சது எதுக்கு உதவுச்சு?

ஜனவரியில ஸ்கூல் திறந்து அவன் வரலை. ஒரு வாரம் பாத்தோம். அது காப்பிப் பழம் பறிக்கிற சீசன், பிள்ளைங்க அம்மாகூட போயிருவாங்க, அப்படித்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அவங்கப்பா வந்தாரு. சண்டை போடுவாருன்னு ஹெச்.எம். ரெண்டு பேரைக் கூட நிக்க வெச்சாங்க. அவரு வராந்தா படியில உக்காந்துட்டாரு, தலைத்துண்டை அவுத்து மடியில வெச்சுக்கிட்டு என்னைப் பாக்காமயே பேசுனாரு. "பையன் எழுதுனது பொய் இல்லீங்க அய்யா. ஆனா அவன் கலெக்டருக்குத்தானுங்களே எழுதுனான்."

வேற ஒண்ணும் சொல்லலை. நானும் மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அது அவரு காதுல விழுந்துச்சான்னு தெரியலை. மூணு வாரம் கழிச்சு பையன் வந்தான். கடைசி பெஞ்சுல உக்காந்தான். முழு ஆண்டுத் தேர்வுல மறுபடியும் கடிதக் கேள்வி வந்துச்சு, இந்தத் தடவை நூலகம் வேண்டி. நோட்ஸ்ல இருக்கறதை ஒரு கமா மாறாம எழுதியிருந்தான். எங்கள் ஊரில் சுமார் ஐந்நூறு குடும்பங்கள் வசிக்கின்றன. இப்படிக்கு அஅஅ, இடம் ஆஆஆ. அஞ்சுக்கு அஞ்சு குடுத்தேன், வேற வழியில்லை, எல்லாம் சரியா இருந்துச்சு.

சரி, என் கதை போதும். இதை எழுத உக்காந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. என் செல்லு, என் ஸ்டேட்டஸ், என் இஷ்டம்னு எங்க ஆளுங்க பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கேன். செல்லு நம்மளுதுதான், இஎம்ஐ நாமதான் கட்றோம். அதுல இருக்கற பேப்பர் நம்மளுதா? ஒரு உதாரணம் சொல்றேன், கொஞ்சம் அசிங்கமா இருக்கும், பரவால்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் மெடிக்கல் லீவ் போட்டப்ப லெட்டர்ல காரணம்னு மூல நோய்னு எழுதிக் குடுத்தேன். அப்ப இருந்த ஹெச்.எம். அந்த லெட்டரை என் பேரை மட்டும் அழிச்சுட்டு, தமிழாசிரியர் ஒருவரின் விண்ணப்பம்னு ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தா? ஸ்கூல்ல மொத்தமே ஒரு தமிழாசிரியர்தான். நான் அவங்களைச் சும்மா விட்டிருப்பேனா? அந்த லெட்டரை அவங்க ஹெச்.எம்.ங்கறதால நம்பிக் குடுத்தேன், அதே மாதிரி அந்தப் பையன் நான் வாத்தியாருங்கறதால நம்பி எழுதுனான். நாலு பேரு வீட்டு விஷயம் நம்ம கைக்கு வருதுன்னா அது நம்ம மூஞ்சிக்காக வர்றதில்லை, நாம உக்காந்திருக்கற நாற்காலிக்காக வருது.

டாக்டருங்களுக்கு இதெல்லாம் 2002-லயே ஒழுங்குமுறையா எழுதி வெச்சிருக்காங்க, நோயாளி யாருன்னு அடையாளம் தெரியற மாதிரி போட்டோவோ கேஸ் விவரமோ அவங்க சம்மதம் இல்லாம பத்திரிகையில வெளியிடக் கூடாதுன்னு. வாட்ஸ்அப்பே 2009-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே அவங்க மருத்துவப் பத்திரிகைங்களை மனசுல வெச்சு எழுதிட்டாங்க. இங்க அடையாளம் தெரியற மாதிரிங்கற வார்த்தையைக் கவனிங்க, பேரு தெரியற மாதிரின்னு போடலை. 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கற எல்லாரையும் குழந்தைன்னுதான் சொல்லுது, அவங்க விவரத்தைக் கையாளணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும்ங்குது. அதெல்லாம் கம்பெனிங்களுக்கு, எங்களுக்கு எங்க வருதுன்னு ஒரு சக ஆசிரியர் கேட்டாரு. சட்டம் எங்களைப் புடிக்குமா புடிக்காதான்னு வக்கீலுங்க பேசட்டும். நான் கேக்கறது, பெத்தவங்களை ஒரு வார்த்தை கேக்கறதுக்கு சட்டம் எதுக்கு?

மார்க் விஷயத்தையே எடுத்துக்குங்க. 2017-ல தமிழ்நாடு அரசே பத்தாவது, பன்னெண்டாவது ரிசல்ட்ல மாநில முதலிடம், ரெண்டாமிடம்னு அறிவிக்கறதை நிறுத்திருச்சு, பிள்ளைங்க மனசு நோகுதுன்னு. நல்ல முடிவு. ஆனா எங்க க்ளாஸ் குரூப்புங்கள்ல என்ன நடக்குது? மாதத் தேர்வு முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் மொத்த க்ளாஸோட மார்க் லிஸ்டும் ஒரே ஷீட்டா வந்து விழும், பெயில் ஆனவன் பேருக்கு சிவப்பு கலரு வேற. கோட்டையில நிறுத்துனதை நாம குரூப்ல தொடங்கி வெச்சுட்டோம். எண்பது வயசுப் பாட்டி முதக்கொண்டு அந்தக் குரூப்ல இருக்கு.

எங்க துறை மேலயும் எனக்குக் கொஞ்சம் கோவம் இருக்கு, அதையும் சொல்லிருறேன். நாங்க எதுக்கெடுத்தாலும் போட்டோ எடுக்கப் பழகுனது எங்கிருந்து? மரம் நட்டா போட்டோ, உறுதிமொழி எடுத்தா போட்டோ, கை கழுவுனா போட்டோ, பத்து நிமிஷத்துக்குள்ள குரூப்ல போடணும், போடலைன்னா விளக்கம் கேப்பாங்க. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல தொடங்கி அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, அருமையான திட்டம், வெறும் வயித்தோட மலையேறி வர்ற பிள்ளைங்களைப் பாத்தவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். ஆனா ஒரு குழந்தை வாயில உப்புமாவை வெச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்கறதை க்ளோசப்ல எடுத்து நல்லா சாப்பிடறாங்கன்னு ஃபேஸ்புக்ல போடறவங்களைப் பாக்கறப்ப, உங்க புள்ளை சாப்பிடறதை இப்படி நாலாயிரம் பேருக்குக் காட்டுவீங்களான்னு கேக்கணும் போல இருக்கும். அதைவிட மோசம் நோட்டு குடுக்க வர்ற டோனருங்க. நாற்பது ரூபா நோட்டை ஆறு பேரு சேர்ந்து புடிச்சுக்கிட்டு நடுவுல பிள்ளையை நிறுத்தி, பாப்பா இங்க பாருன்னு. அந்தப் பொண்ணு செருப்பில்லாத காலை இன்னொரு காலுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு நின்னதை நான் பாத்திருக்கேன். போட்டோலயும் அது தெரிஞ்சுது. அதைத்தான் பேனருக்கும் எடுத்தாங்க.

இதையெல்லாம் எழுதறதால இந்த ஆளு வாத்தியாருங்க வாயை மூடிக்கிட்டு இருக்கணும்ங்கறாருன்னு எடுத்துக்க வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-னு ஒண்ணு இருக்கு, அதைக் காட்டி எதுக்கெடுத்தாலும் பயமுறுத்தறவங்க இருக்காங்க. 2019 ஜனவரியில ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களோட கூட்டமைப்பு ஜாக்டோ ஜியோ நடத்துன ஸ்ட்ரைக்ல நானும் இருந்தேன், பழைய பென்ஷன் வேணும்னு ஃபேஸ்புக்ல பக்கம் பக்கமா எழுதுனேன், இன்னைக்கும் அழிக்கலை, அழிக்கவும் மாட்டேன். அது என் சம்பளம், என் பென்ஷன், என் பேரு போட்டு நான் எழுதுனது, வர்றதை வாங்கிக்கறதும் நான்தான். நெட்ல எழுதுனதுக்காக ஆளைப் புடிச்சு உள்ள போட வழி வெச்சிருந்த ஐ.டி. சட்டத்தோட 66ஏ பிரிவை சுப்ரீம் கோர்ட்டு 2015 மார்ச்ல ரத்து பண்ணப்ப சந்தோஷப்பட்டவன் நான். என் கஷ்டத்தை நான் எழுதறதும், பக்கத்து வீட்டுக்காரன் கஷ்டத்தை நான் எடுத்துப் போட்டு லைக் வாங்கறதும் ஒண்ணா? முதல்ல சொன்னதுக்கு தைரியம் வேணும். ரெண்டாவதுக்கு செல்லுல சார்ஜ் இருந்தா போதும்.

நான் எழுதலைங்க, வந்ததை ஃபார்வர்ட் தான் பண்ணேன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. பெண் பத்திரிகையாளருங்களைப் பத்தின ஒரு பதிவை ஃபேஸ்புக்ல ஷேர் பண்ண நடிகர் ஒருத்தர் 2018-ல முன்ஜாமீன் கேட்டுப் போனப்ப இதைத்தான் சொன்னாரு, ஃபார்வர்ட் பண்றதுன்னா அதை ஏத்துக்கிட்டு ஆதரிக்கறதுக்குச் சமம்னு சொல்லி ஹைகோர்ட்டு தள்ளுபடி பண்ணிருச்சு. எங்க டீச்சர்ஸ் குரூப்ல என் போட்டோவை வெளிய அனுப்புனது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எல்லாரும் நான் இல்லைங்கறாங்க. முதல்ல போட்டது நான்தான்ங்கறது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

என் பொண்ணு பெங்களூர்ல ஒரு கம்பெனில ஹெச்.ஆர்.ல இருக்கா. நடந்ததைக் கேட்டுட்டு அவ ஒரு கதை சொன்னா. 2013 டிசம்பர்ல லண்டன்ல ஃப்ளைட் ஏறப் போன ஒரு அம்மா, அவங்க வேலையே கம்பெனிக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கற பி.ஆர். வேலைதான், எய்ட்ஸையும் ஆப்பிரிக்காவையும் வெச்சு ஒரு வரி ஜோக் ட்விட்டர்ல போட்டுட்டு ஏறியிருக்காங்க. அவங்களை ஃபாலோ பண்ணவங்க 170 பேரு. பதினோரு மணி நேரம் கழிச்சு கேப்டவுன்ல எறங்குனப்ப உலகம் பூரா அவங்க பேருதான், வேலையும் போச்சு. நீயும் அதான்ப்பா பண்ணியிருக்க, உனக்கு ஃப்ளைட்டுக்குப் பதிலா ஏற்காடு பஸ்ஸுன்னா. நான் சொன்னேன், இல்லம்மா, அவங்களுக்கு அவங்க வேலை போச்சு, எனக்கு ஒரு இன்க்ரிமென்ட் கூட போகலை, போனது வேற ஒருத்தனோடதுன்னு. அதுக்கப்புறம் அவ ஒண்ணும் பேசலை.

இப்ப நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன், யாருக்கும் சிபாரிசு பண்ணலை, எனக்கு ஒத்து வருது. மேல இருக்கறப்ப எதைப் போடணும்னு தோணுனாலும் மேல இருந்து போடறதில்லை. பஸ் ஏறி இருபது வளைவும் எறங்கட்டும். இருபதாவது வளைவுல செம ஐட்டம்னு தோணறது பன்னெண்டாவது வளைவுல சுமாரா தெரியும், அடிவாரம் வர்றதுக்குள்ள பாதிக்கு மேல மறந்தே போயிருக்கும். மேகம், மிளகுக்கொடி, குரங்கு, இதெல்லாம் தாராளமா போடறேன், குரங்கு இதுவரைக்கும் கம்ப்ளைன்ட் குடுக்கலை. பேரன்ட்ஸ் நம்பரை எல்லாம் ஸ்டேட்டஸ்ல இருந்து தனியா பிரிச்சு வெச்சுட்டேன். புள்ளைங்க பேப்பரைப் போட்டோ எடுக்கறதை அடியோட விட்டாச்சு.

போன மாசம் அவனைப் பாத்தேன். சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தட்டுவடை செட் வண்டி, நான் ஒரு செட்டு சொல்லிட்டு நிக்கறேன், பக்கத்துல ஒரு பையன் அய்யா நல்லா இருக்கீங்களான்னான். மீசை வந்துருச்சு, அடையாளமே தெரியலை. ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் படிக்கறானாம், பதினெட்டு முடிஞ்சுருச்சுன்னான். காசு நான் குடுக்கறேன்னா விடலை, அவனே குடுத்தான். தட்டுவடையை வாயில போட்டுக்கிட்டே கேட்டேன், டேய், அன்னைக்கு நடந்ததைப் பத்தி பேப்பருக்கு ஒரு லெட்டர் எழுதலாம்னு இருக்கேன், மத்த வாத்தியாருங்களாவது பாக்கட்டும்னு, உன் பேரு, ஊரு, ஸ்கூலு எதுவும் வராது, நீ என்ன எழுதுனங்கறதை மட்டும் எழுதட்டுமா, வேணாம்னா சொல்லு, விட்டுடறேன்னு. உடனே பதில் சொல்லலை. பேப்பர் தட்டுல ஒட்டியிருந்த பீட்ரூட் துருவலை வழிச்சு சாப்பிட்டான். அப்புறம் செல்லை எடுத்து எனக்கு ஒண்ணு காட்டுனான். அந்தப் போட்டோ. போன பொங்கலுக்கு அவங்க ஐ.டி.ஐ. க்ளாஸ் குரூப்லயே வந்திருக்கு, அவனோடதுன்னு தெரியாமயே எவனோ போட்டிருக்கான், இவனும் ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டு விட்டிருக்கான்.

"எழுதுங்க அய்யா," அப்படின்னான். "ஆனா எழுதறதுன்னா முழுசா எழுதுங்க. பஸ்ஸு இப்ப வருது, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அப்பா குடிக்கறதை விட்டு ரெண்டு வருஷம் ஆகப் போவுது. அதையும் போட்ருங்க."

இப்படிக்கு,
அஅஅ

இடம்: ஆஆஆ